ஆறு நாள் ஆறு வாரமான கதை

ஊரடங்கே தப்பு என்று நான் சொல்லவில்லை மக்களே. ஆக்சிஜன் கிடைக்காமல் டெல்லி தவித்த ஏப்ரல் 2021-ல் அது தேவைதான். என் கடுப்பெல்லாம் அதை நீட்டித்த விதத்தின் மேல்.

ஏப்ரல் 19 இரவு போட்டார்கள், ஆறு நாள் என்று. சின்ன ஊரடங்குதான், யாரும் ஊரைவிட்டுப் போகாதீர்கள் என்று முதல்வர் கேஜ்ரிவால் கெஞ்சாத குறை. அன்று மாலையே ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. 2020-ல் பட்டவர்கள் இல்லையா, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படித்த எனக்குத்தான் தெரியவில்லை. சரோஜினி நகரில் எங்களையும் சேர்த்து நாலு வீட்டுக்கு ஜங்புரா மதராசி கேம்ப்பில் இருந்து வேலைக்கு வந்த அக்கா (அந்த கேம்ப்பையே 2025-ல் இடித்துவிட்டார்கள், அது தனிப் புலம்பல்) "விழுப்புரம் போயிடவா தம்பி?" என்று கேட்டார். "ஆறே நாள்தான்க்கா, இருங்க" என்றேன்.

ஏப்ரல் 25, மே 1, 9, 16, 23. ஐந்து தடவை, கெடு முடிய ஓரிரு நாள் இருக்கும்போது, 'இன்னும் ஒரு வாரம்'. மே 31-ல்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். நடுவில் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்கு 5000 ரூபாய் அறிவித்தார்கள். சரி, பாத்திரம் தேய்ப்பவருக்கு?

நோய் எப்போது குறையும் என்று அரசுக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். தெரியாதுதான். 'ஒரு மாதம்கூட ஆகலாம்' என்று முதல் நாளே சொல்லித் தொலைப்பதில் என்ன நஷ்டம்? ஒரு மாதம் என்றால் வாடகை, ரேஷன், கூலி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லணும். ஒரு வாரம் என்றால் வேண்டாம். அவ்வளவுதான் சூட்சுமம்.

நம்மையும் சொல்லணும். நமக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த நாலு வீட்டில் அக்காவுக்கு மே மாதச் சம்பளம் கொடுத்தது இரண்டு வீடு. நாலும் தமிழ் வீடுதான்.