73 போட்டா ஆம்புலன்ஸ் வருமா?

ஹாம் ரேடியோ நண்பர்கள் சண்டைக்கு வந்தாலும் வரலாம். பரவாயில்லை, ரொம்ப நாளா தொண்டையில நிக்குற விஷயம், சொல்லிடறேன்.

ஏற்காட்டுல ராத்திரி ரேடியோவை கம்ப்யூட்டரோட இணைச்சு எஃப்.டி.8-ல உட்கார்ந்தா, காதுக்கே கேக்காத சிக்னலை எல்லாம் அது பிடிச்சு எழுத்தா காட்டும். 1993-ல இயற்பியல் நோபல் வாங்கின ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017-ல கொடுத்த முறை. 15 விநாடி நீங்க, அடுத்த 15 அவர். கால்சைன், ஊர்க் கட்டம், சிக்னல் அளவு, கடைசியா ஒரு 73. முடிஞ்சுது, கணக்குல ஒரு நாடு ஏறிடுச்சு!

"இதெல்லாம் ரேடியோவா? ரெண்டு கம்ப்யூட்டர் பேசிக்குது"ன்னு பெருசுங்க திட்டுவாங்க. அதுல எனக்கு உடன்பாடில்லை. மோர்ஸ் சாவி மாதிரி இதுவும் ஒரு கருவி, அவ்வளவுதான். என் கோபம் வேற.

லைசென்ஸ் எதுக்குன்னு யாராவது கேட்டா, "பேரிடர்ல உதவ"ன்னு மார் தட்டுறோம். 2004 சுனாமி சமயத்துல அந்தமான்ல இருந்து பாரதி பிரசாதும் கூட இருந்தவங்களும் செய்தி கடத்தினாங்களே, அந்தப் பேரை வெச்சுதான் இன்னிக்கும் ஓட்டிட்டு இருக்கோம். நாம என்ன பழகி வெச்சிருக்கோம்?

2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழை. ஏற்காடு மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்தை நிறுத்தினாங்க. அந்த மாதிரி நேரத்துல ஃபோனும் போச்சுன்னு வைங்க. எஃப்.டி.8-ல உங்க ஊர்க் கட்டம் எம்.கே.91. சேலமும் அதே கட்டம். புயல் கரை கடந்த பக்கம் இருக்கிற புதுச்சேரியும் அதே கட்டம்! எங்கேன்னு தேடுவாங்க?

சரி, சொந்தமா செய்தி அடிக்கலாமேன்னா, ஒரு தடவைக்கு 13 எழுத்துதான். 'நாகலூர் ரோடு'ன்னு இங்கிலீஷ்ல அடிச்சாலே இடைவெளியோட 12 காலி. மீதி ஒரு எழுத்துல பிரசவ வலின்னு சொல்வீங்களா, பாம்புக்கடின்னு சொல்வீங்களா?

இதுக்கு மாற்று இல்லாம இல்லை. அதே தொழில்நுட்பத்துல பிறந்த ஜே.எஸ்.8 கால் சும்மா கிடைக்குது. முழு வாக்கியம் அடிக்கலாம். நேரா எட்டலைன்னா நடுவுல இருக்கிற இன்னொரு ஸ்டேஷன் வழியா அனுப்பலாம். ஆமை வேகம்தான், ஆனா சேதி போய்ச் சேரும். 7 மெகாஹெர்ட்ஸ்ல டைபோலைத் தாழ்வா கட்டினா, பகல்ல சிக்னல் செங்குத்தா மேல போய் அயனி மண்டலத்துல பட்டுத் திரும்பும். சேர்வராயன் மலை மறைச்சாலும் அந்தப் பக்கத்து கிராமத்துல விழும். கார் பேட்டரி, பழைய லேப்டாப் போதும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: நெட் போனா கம்ப்யூட்டர் கடிகாரம் விலகும், அப்புறம் எதுவும் படிக்க வராது. ஒரு சின்ன ஜி.பி.எஸ் வாங்கி வைங்க.

ஆனா இதெல்லாம் மண் சரிஞ்ச அன்னைக்குக் கத்துக்கிற வித்தை இல்லை சார். வாரத்துல ஒரு நாள், அரை மணி நேரம். மலை மேல ஒருத்தர், சேலத்துல ஒருத்தர். பத்து வரி செய்தி அனுப்பி, எழுத்துப் பிசகாம போச்சான்னு பாருங்க. பொலிவியா எங்கேயும் ஓடிடாது. அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.

டிஸ்கி: நூறு நாடு சேர்க்க ராத்தூக்கம் கெட்டவன்ல நானும் ஒருத்தன். திட்டு எனக்கும் சேர்த்துதான் :-)