‘அறுவை இயலாது’ என்று எழுதினால் போதாது

கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்த ஒருவரின் சீட்டில் மருத்துவர்களான நாம் எழுதும் ‘அறுவை சிகிச்சை இயலாது’ என்ற வரி, அவர் திரும்ப மலையேறி வீடு சேர்வதற்குள் ‘டாக்டர் கைவிரிச்சுட்டாங்க’ என்றாகிவிடுகிறது. எழுதிய மருத்துவர் அப்படி நினைத்திருக்கமாட்டார். கதிர்வீச்சையோ கீமோதெரபியையோ மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் அதைச் சீட்டில் எழுதவில்லை. எழுதாதது மலைக்குப் போய்ச் சேராது.

அதன்பின் சில குடும்பங்கள் அத்தோடு நின்றுவிடுகின்றன. வேறு சில, மிளகும் காப்பியும் விற்ற பணத்தோடு கடனும் வாங்கிக்கொண்டு, யார் எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே ஓடுகின்றன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். இன்னொரு நிபுணரின் கருத்தைத் தேடும் பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டிவிட்டோம். அறுவை இயலாது என்று முடிவுசெய்யும் மருத்துவரே இரண்டாவது கருத்துக்கும் வழிசெய்ய வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

‘அறுவை இயலாது’ என்ற முடிவுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். கட்டி பெரிய இரத்தக்குழாயையோ எலும்பையோ பற்றியிருக்கலாம். நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கலாம். நோயாளியின் இதயமும் நுரையீரலும் மயக்க மருந்தைத் தாங்காமல் இருக்கலாம். அந்த அறுவைக்கு வேண்டிய நிபுணரோ தீவிர சிகிச்சைப் பிரிவோ அந்த மருத்துவமனையில் இல்லாதிருக்கலாம். கடைசியாக, அந்தப் புற்றுக்குக் கதிர்வீச்சே மேலான சிகிச்சை என்பதால் கத்தியைத் தவிர்த்திருக்கலாம். முதல் காரணம் சில புற்றுகளில் கீமோதெரபிக்குப் பின் மாறும். மூன்றாவது, இதய மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் பார்த்துச் சிகிச்சை செய்தபின் மாறக்கூடும். நான்காவது, மருத்துவமனை மாறினாலே மாறிவிடும். ஐந்தாவது கெட்ட செய்தியே அல்ல. எது காரணம் என்று எழுதாதபோது, அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கும் வழி தெரியாது, குடும்பத்துக்கும் தெரியாது.

கருப்பைவாய்ப் புற்றை எடுத்துக்கொள்வோம். 3பி நிலையில் அறுவைக்கு இடமில்லை. அந்த நிலையிலிருந்த 850 பெண்களிடம் மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் பெற்றவர்களில் 54 சதவீதத்தினர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் அது 46 சதவீதம். அதே ஆண்டு அங்கிருந்து வந்த இன்னோர் ஆய்வு 1பி2, 2ஏ, 2பி நிலைகளைப் பற்றியது. முதலில் கீமோ கொடுத்துப் பிறகு அறுவை செய்தவர்களில் 69.3 சதவீதத்தினர் ஐந்தாண்டு நோயின்றி இருந்தார்கள். கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 76.7 சதவீதத்தினர். கத்தி படாததால் இந்தப் பெண்கள் எதையும் இழக்கவில்லை.

வாய்ப்புற்றில் வேறொரு பாடம் இருக்கிறது. உடனடியாக அறுவை செய்ய முடியாத அளவு முற்றிய வாய்ப்புற்றோடு வந்த 721 பேருக்கு முதலில் கீமோதெரபி கொடுத்துப் பார்த்த அனுபவத்தை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 2014இல் வெளியிட்டார்கள். அவர்களில் 43 சதவீதத்தினருக்குக் கட்டி போதுமான அளவு சுருங்கி, அறுவை செய்ய முடிந்தது. கீமோ மருந்தைத் துணைக்கு அழைக்கும் சிந்தனை நம் மாநிலத்திலும் பழையதுதான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றுக்குப் பிளியோமைசினையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வை 1980இலேயே வெளியிட்டார்கள்.

நோயாளியின் உரிமையிலும் குழப்பம் இல்லை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதி. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. இரண்டாவது கருத்து பெறும் உரிமை அதில் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் துணைக்கு வருபவரின் கூலி இழப்பையும், ஊர் தெரியாத நகரத்தில் நிற்கும் அச்சத்தையும் எந்த அட்டையும் ஏற்காது. கொல்லிமலையின் செம்மேட்டிலிருந்து சென்னைக்குப் போய் ‘ஸ்லைடு எடுத்து வரவில்லையா?’ என்ற கேள்வியோடு திரும்புபவர் இரண்டாம் முறை போகமாட்டார்.

ஆகவே முதலில் பயணம் போக வேண்டியவை ஆவணங்கள். பயாப்சி ஸ்லைடுகளும் பாரஃபின் பிளாக்கும், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படங்கள் முழுவதும் பதிந்த குறுந்தட்டும் வேண்டும், அறிக்கை மட்டும் போதாது. அவற்றோடு ஒரு பக்கக் கடிதம்: நோயின் நிலை, அதைத் தீர்மானித்த விதம், அறுவை இயலாது என்பதற்கான காரணம், நாம் நினைத்திருக்கும் சிகிச்சை, நாம் கேட்கும் கேள்வி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டியூமர் போர்டுக்கு இவை போதும். 2012இல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட் வழியாகவும், டாடா மையத்தின் இணையவழிக் கருத்துச் சேவை வழியாகவும் மும்பை நிபுணர்களின் கருத்தைப் பெறலாம். பதில் வந்தபின், தேவைப்பட்டால் மட்டும் நோயாளி ஒரே இடத்துக்கு, ஒரே முறை போகட்டும். இவை எல்லாம் இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். கருப்பைவாய்ப் புற்றில் கதிர்வீச்சு தொடங்கினால் பிராக்கிதெரபி உட்பட எட்டு வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். தாமதத்தின் விலையை நாம் அறிவோம்.

கொல்லிமலை மூலிகைக்குப் பேர்போனது. அங்கிருந்து வருபவர்கள் நாட்டு வைத்தியரிடமும் போயிருப்பார்கள். அதட்டாமல் கேளுங்கள்; என்ன மருந்து, எத்தனை நாள் என்று கடிதத்தில் சேருங்கள். அதட்டினால் மறைப்பார்கள். கீமோ நாட்களில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டிய மருத்துவருக்கு அந்தத் தகவல் அவசியம்.

இரண்டாவது கருத்து பல நேரம் முதல் கருத்தையே உறுதிசெய்யும். கணையத்திலிருந்து கல்லீரலெங்கும் பரவிய நோய்க்கு எந்த ஊரிலும் அறுவை இல்லை. அதைச் சொல்லவும் ஒருவர் வேண்டும். அப்போதுதான் குடும்பம் கடன் வாங்கி அலைவதை நிறுத்தும். அதற்காக வலி நிவாரணம் அந்தப் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. மார்பின் வேண்டியவருக்கு முதல் நாளே மார்பின் கொடுக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே போய் அளிக்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அடக்கம். நம் கடிதத்தின் ஒரு நகல் மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போனால், அங்குள்ள மருத்துவரும் செவிலியரும் அந்த வீட்டைத் தொடர்ந்து கவனிப்பார்கள்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னொருவரிடம் கேட்பது நம் திறமைக்கு இழுக்கு அல்ல. அடுத்த முறை ‘அறுவை இயலாது’ என்று எழுதும்போது, அதே சீட்டில் ‘ஏன்’ என்று ஒரு வரியும், ‘அடுத்து என்ன’ என்று ஒரு வரியும், ‘யாரிடம் கருத்துக் கேட்டிருக்கிறோம்’ என்று ஒரு வரியும் தமிழில் எழுதுங்கள். அந்த மூன்று வரிகளும் இல்லாமல் எந்த நோயாளியும் நம் அறையை விட்டு எழுந்து போகக் கூடாது.