எல்லாம் ஹார்மோன் மேட்டரா?

லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்றதுமே "அதெல்லாம் ஹார்மோன் மேட்டர்டா" என்று ஒரு பதில் தயாராக வந்துவிடுகிறது. எனக்கென்னவோ, கேள்வியை இழுத்து மூடுவதற்குத்தான் அந்தப் பதில் உதவுகிறது என்று தோன்றுகிறது.

ஹார்மோனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஈஸ்ட்ரோஜன் பி செல்களை உசுப்பிவிடும். டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக அடக்கி வைக்கும். லூபஸ் வரக்கூடிய ஒரு வகை எலியில், ஆணுக்கு விதையை நீக்கினால் நோய் முந்திக்கொள்ளும், பெண்ணுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால் தள்ளிப்போகும் என்று 1970களிலேயே காட்டிவிட்டார்கள்.

சரி, ஈஸ்ட்ரோஜன்தான் வில்லன் என்றால் அது உச்சத்துக்கு ஏறும் கர்ப்பகாலத்தில் எல்லா நோயும் முற்ற வேண்டுமே? முடக்குவாதம் பலருக்கு அப்போது குறைகிறது, பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வருகிறது! அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் 1938-ல் இதை எழுதினார். வலியைக் குறைக்கும் ஏதோ ஒரு பொருள் உடம்பிலேயே இருக்கிறது என்று அவர் துரத்தியது கார்ட்டிசோனில் போய் முடிந்தது. 1950-ல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. ஆனால் அதே கர்ப்பம் லூபஸுக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை, சிலருக்கு நோய் சீறவே செய்யும். ஒரே ஹார்மோன், இரண்டு நோய், இரண்டு குணம்.

இன்னொன்று. எக்ஸ்எக்ஸ்ஒய் குரோமோசோமோடு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடச் சுமார் 14 மடங்கு என்று 2008-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது கிட்டத்தட்ட பெண்கள் அளவுக்கு. கூடுதல் எக்ஸ் மீது சந்தேகம் விழாமல் இருக்குமா? 2024-ல் ஸ்டான்ஃபோர்ட் குழு, பெண்களின் இரண்டாவது எக்ஸை மௌனமாக்கும் 'எக்ஸிஸ்ட்' என்ற ஆர்என்ஏவை ஆண் எலிகளில் உண்டாக்கிப் பார்த்தது. நோய்க்குச் சாய்வுள்ள இனத்து எலிகளில் நோயைத் தூண்டியபோது, அந்த ஆண் எலிகளும் ஏறக்குறைய பெண் எலிகள் அளவுக்கு லூபஸ் போன்ற நோயில் விழுந்தன.

இது வெறும் தேர்வு விஷயமில்லை. ஈஸ்ட்ரோஜன் பயத்தாலேயே லூபஸ் உள்ள பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பல காலம் மறுக்கப்பட்டது. நோய் தீவிரமாக இருக்கும்போது திட்டமிடாத கர்ப்பம் எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்! கடைசியில் 2005-ல்தான், நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மாத்திரையால் கடுமையான சீற்றம் கூடவில்லை என்று முறையான பரிசோதனை காட்டியது. (ரத்தம் உறையவைக்கும் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு மட்டும் இன்றும் கூடாது.) எலியில் 1970களில் செய்து பார்த்ததை, பெண்களிடம் நேராகக் கேட்டுப் பார்க்க இத்தனை வருஷம்.