குளிர்ப் பாலைவனத்தில் அவசரம் வேண்டாம்

நண்பர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து, ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இந்தியாவின் வடகோடியிலுள்ள லடாக்கைச் சில நாள் சுற்றிவர வேண்டும் என்பது இன்று இளைஞர் பலரின் ஆசை. சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத்து இளைஞர்களும் அதற்கு விலக்கல்லர். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால், பயணத் திட்டத்தில் காட்டப்படும் அவசரம்தான் தவறு.

லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். பருவக்காற்று கொண்டுவரும் மழையை இமயமலை தடுத்துவிடுவதால், லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். கெடாவில் மழைக்காலத்தின் ஒரே மாதத்தில் அதைவிட அதிகமாகப் பெய்துவிடும். மழை வந்தால் மரம் வெட்டு நின்றுபோகும் ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு, புல்கூட முளைக்காத மலைகள் வியப்பைத் தரும். நுப்ரா பள்ளத்தாக்கின் ஹுண்டரில் மணல்மேடும், அதில் நடக்கும் இரட்டைத் திமில் ஒட்டகமும், பின்னால் பனிமலையும் ஒரே காட்சியில் தெரியும். இதைக் காண எவருக்குத்தான் மனம் வராது?

சிக்கல் உயரத்தில் இருக்கிறது. கெடாவில் உயர்ந்தது என்று நாம் சொல்லும் ஜெராய் மலை 1,217 மீட்டர். காரிலேயே மேலே போய், குளிர்காற்று வாங்கி, மாலையில் திரும்பிவிடலாம். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அந்தப் பழக்கம் லடாக்கில் உதவாது. லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் ஏறினால் கர்துங் லா கணவாய். அதன் பெயர்ப்பலகை நீண்ட காலம் 5,602 மீட்டர் என்று பெருமை பேசியது. முறையாக அளந்தபோது 5,359 மீட்டர்தான் வந்தது. நுரையீரலுக்கு அது பெரிய ஆறுதல் அன்று. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

கினபாலு மலையில் ஏறுவோர் நடந்து ஏறுகின்றனர். களைப்பே அவர்களை நிறுத்தி, உட்காரவைத்து, இரவில் இடைவழியில் தங்கவைக்கிறது. ஜீப்பில் அந்தத் தடை இல்லை. இருக்கையில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரை ஓரிரு மணி நேரத்தில் கினபாலு உச்சியைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேலே கொண்டுபோய்விடுகிறது. வாகனத்தின் வசதியே இங்கு ஆபத்தாகிறது.

உயர்மலை நோய் தலைவலியில் தொடங்கும். வாந்தி, தூக்கமின்மை, மயக்கம் என வளரும். முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரைப் பறிக்கும். உடற்பயிற்சி செய்பவருக்கு இது வராது என்று நினைப்பது வீண் நம்பிக்கை. ஆக்சிஜன் உருளை சற்று நேரம் தாங்கும். ஆயினும் நோய் கடுமையானால் உடனே கீழே இறங்குவதுதான் வழி.

நண்பர் கூட்டத்தில் இன்னொரு வேண்டாத வழக்கம் உண்டு. தலை வெடிப்பதுபோல் வலித்தாலும், “என்னால் எல்லாருடைய பயணமும் கெட்டுவிடுமே” என்று ஒருவர் வாய் திறப்பதில்லை. மற்றவர்களும் கேட்பதில்லை, கேட்டாலும் கிண்டலாகக் கேட்கின்றனர். குளிரைவிட இந்த மௌனம் கொடியது.

பத்து நாள் விடுப்பில் இரண்டு நாளை லேயில் சும்மா இருந்து கழிப்பதா, விமானக் கட்டணம் என்னாவது என்று சிலர் கேட்பர். சேமித்த ரிங்கிட்டைக் கணக்குப் பார்ப்பது நியாயமே. ஆனால், உடல் மெல்லிய காற்றுக்குப் பழகும் நாள் வீணான நாள் அன்று. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. லேயிலிருந்து நேரே பாங்கோங் ஏரிக்கரைக்குப் போய்த் தங்கினால், 4,200 மீட்டருக்கு மேல் தூங்க நேரிடும். அறிவுரை அங்கேயே மீறப்பட்டுவிடும்.

ஆகவே, வரிசையும் முக்கியம். முதலில் நுப்ராவுக்குப் போவதே நல்லது. கணவாய் உயரமாயினும் அங்கு நிற்பது சில நிமிடங்களே; ஹுண்டரோ லேயைவிடத் தாழ்வானது. பாங்கோங் கடைசியாக இருக்கட்டும். அங்கு இரவில் ஒருவர் நோயுற்றால், லேக்குத் திரும்பும் நேர்வழி முதலில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாயில் ஏறித்தான் பிறகு இறங்கும். இதை உள்ளூர் ஓட்டுநர்கள் நன்கு அறிவர். அவர்கள் “இன்று வேண்டாம்” என்றால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

புறப்படுமுன் வீட்டிலேயே பேசி முடிக்க வேண்டியவையும் உண்டு. ஒருவர் இறங்க வேண்டி வந்தால் அவருடன் யார் போவது, இரண்டாவது வண்டிக்கான பணத்தை யார் தருவது என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். மூச்சு வாங்கும் ஏரிக்கரையில், நள்ளிரவில், இந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.