வாக்கில்லாத அங்கத்தவர்

கொழும்பிலும் பெரிய நகரங்களிலும் பொருள் வாங்கிப் பணம் செலுத்த நிற்பவரிடம் இன்று முதலில் கேட்கப்படுவது தொலைபேசி இலக்கம். அதைச் சொன்னவுடன் அவர் பெயரில் சில புள்ளிகள் சேர்கின்றன. ஜோன் கீல்ஸ் நிறுவனத்தின் 'நெக்சஸ்' போன்ற அட்டைகள் இம்முறையைப் பலசரக்கில் பழக்கிவிட்டன. மருந்துக்கடைத் தொடர்களும் அதே வழியில் இறங்கியுள்ளன. அரிசிக்கும் சவர்க்காரத்துக்கும் புள்ளி கொடுப்பதை நாம் வாதாட வேண்டியதில்லை. மருந்துக்குப் புள்ளி கொடுப்பது வேறு விஷயம். அதைச் சற்று நின்று ஆராய வேண்டும்.

எலுவன்குளத்து விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கலா ஓயா பெருகினால் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கும் அந்த ஊரிலிருந்து அவர் மாதமொரு முறை மருந்துச் சீட்டுடன் புத்தளம் நகருக்கு பஸ் ஏறுகிறார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவர் மாதம் 5,000 ரூபா செலவிடுகிறார் என்றும், புள்ளியின் பெறுமதி நூற்றுக்கு ஒன்று என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மாதம் அவருக்குத் திரும்புவது 50 ரூபா. வருடம் 600 ரூபா. அதையும் காசாகத் தரமாட்டார்கள். அதே கடைக்குத் திரும்பி வந்து, காலாவதியாகுமுன் அங்கேயே செலவிட வேண்டும். முற்பணம் கொடுத்து மிளகாய் விளைச்சலைத் தன் கையில் கட்டிவைக்கும் வியாபாரியை அறிந்த நம் விவசாயிகளுக்கு இந்த உபாயத்தை விளக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய இலாபம் சட்டத்தில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம், வைத்தியர் மருந்தின் பொதுப் பெயரைச் சீட்டில் எழுத வேண்டும் என்கிறது. கடையிலுள்ள அம்மருந்தின் வகைகளையும் விலைகளையும் வாங்குபவருக்கு அறிவித்து, தெரிவை அவரிடமே விட வேண்டும் என்பதும் அதன் ஏற்பாடு. ஒரே மருந்து ஒரு கம்பனிப் பெயரில் 30 ரூபாவுக்கும், வேறொரு பெயரில் 10 ரூபாவுக்கும் கிடைக்கிறது என்று கொள்வோம். முப்பது குளிகையில் மீதமாவது 600 ரூபா. அட்டை ஒரு வருடத்தில் தருவதை ஒரு கேள்வி ஒரே நாளில் தந்துவிடுகிறது! பேராசிரியர் சேனக்க பிபிலே தம் வாழ்நாளெல்லாம் போராடியது இதற்காகத்தான். 1971இல் அரச மருந்துகள் கூட்டுத்தாபனம் அமைந்ததும், 'ஒசுசல' கடைகள் திறந்ததும் அவர் கொள்கையின் பயனே. அக்கடைகளைக் கடந்து சென்று புள்ளி தேடும் படித்த உத்தியோகத்தரைப் பார்க்கும்போது வருத்தம் உண்டாகிறது.

அட்டை வாங்கியவரை 'அங்கத்தவர்' என்று அழைக்கிறார்கள். சட்டம் படித்தவனுக்கு இச்சொல் உறுத்துகிறது. 1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் நெசவாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையும் வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆயினும் எவ்வளவு கொடுப்பதென்பதை ஆளுக்கொரு வாக்குடைய அங்கத்தவர்களே தீர்மானித்தனர். நம்மவர்க்கும் இது புதிதன்று. யாழ்ப்பாணத்து மூளாயில் 1936இல் வைத்தியசாலையையே கூட்டுறவாக நிறுவினார்கள். புள்ளி அட்டையின் 'அங்கத்தவருக்கு' என்ன வாக்கு இருக்கிறது? இலண்டனிலுள்ள நம் உறவினர் பலர் பையில் வைத்திருக்கும் 'பூட்ஸ்' மருந்துக்கடை அட்டையைப் பாருங்கள். பவுண் ஒன்றுக்கு 4 புள்ளி என்றிருந்தது, 2023 மே மாதத்தில் 3 ஆயிற்று. கம்பனியின் சொந்தப் பொருள்களுக்கு அட்டைக்காரர்க்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு கொடுத்தார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் அட்டைக்காரர் எவரையும் கேட்டு அதைச் செய்யவில்லை.

இனி வழக்குக்கு வருவோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வைத்தியர் எழுதும் மருந்துகளுக்குப் புள்ளியோ பரிசோ கொடுக்கலாகாது என்று மருந்தாளர் கல்லூரி 2013இல் விதி செய்தது. நோயாளி தன் உடல்நலத்தை விட்டுப் புள்ளியை நோக்கிக் கடையைத் தெரிவு செய்வார் என்பது கல்லூரியின் அச்சம். 'சோபீஸ்' என்னும் அங்காடி நிறுவனம் வழக்காடியது. 2014இல் கீழ் நீதிமன்றம் விதியைத் தள்ளிற்று. தீங்கு நேர்ந்ததற்குச் சான்றெங்கே என்பதே கேள்வி. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி விதியை நிலைநிறுத்தியது. தீங்கு நேருமுன் தடுக்கவும் அதிகாரமுண்டு என்று ஏற்றுக்கொண்ட அத்தீர்ப்பு என் அபிப்பிராயத்தில் சரியானது. மருந்தைப் பொறுத்தவரை, சான்று கிடைப்பது நோயாளி கெட்ட பின்னர்தானே?

இன்னொன்றும் உண்டு. ஒருவர் எந்த மருந்தை எவ்வளவு காலம் உட்கொள்கிறார் என்பது அவர் நோயின் வரலாறு. தொலைபேசி இலக்கத்தோடு அது கடையின் ஏட்டில் ஏறுகிறது. அமெரிக்காவின் 'சீ.வி.எஸ்' மருந்துக்கடை, பத்து மருந்துச் சீட்டுக்கு 5 டொலர் வெகுமதி தர, 1996ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த இரகசியப் பாதுகாப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடச் சொன்னது. நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தரவுகளை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. ஐம்பது ரூபாவுக்கு அதை எழுதிக் கொடுப்பதா?

அட்டையைக் கிழித்தெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. சவர்க்காரம், பற்பசை, குழந்தைக்குரிய பவுடர் வாங்கும்போது அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சேர்ந்ததை நீண்ட நாள் வைத்திராமல் செலவிட்டுவிடுங்கள். மருந்துச் சீட்டை நீட்டும்போது மட்டும் இலக்கம் சொல்லாதீர்கள். பொதுப் பெயரையும் விலைகளையும் கேட்டுப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

புத்தளம் மாவட்டத்து விவசாயச் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தத்தம் அடுத்த பொதுக்கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பலாம்: புள்ளியின் ரூபாப் பெறுமதியும் காலாவதித் திகதியும் ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் தமிழிலும் அச்சாக வேண்டும், வைத்தியர் எழுதும் மருந்துகளுக்குப் புள்ளி வழங்குவதைச் சட்டம் தடுக்க வேண்டும். தீர்மான வாசகத்தைச் சட்ட முறைப்படி எழுதித்தர நான் ஆயத்தமாயிருக்கிறேன்.