ரீஸ்டார்ட் தட்டறதுக்கு முன்னாடி

புனேல எங்க ஆபீஸ்ல சர்வர் தொங்கினா முதல் குரல், "ரீஸ்டார்ட் கர் தோ யார்". ஹிந்தி தெரியாம வர்ற நம்மாளுங்க சீக்கிரமா கத்துக்கற வாக்கியமும் இதுதான் :-)

எனக்கு இதுல சம்மதமே இல்லை. ரீஸ்டார்ட் பண்ணா பக்கம் திறக்கும், மேனேஜர் தூங்கப் போவார். ஆனா ஏன் தொங்குச்சுங்கறதுக்கான சாட்சி மொத்தமும் மெமரியோட அழிஞ்சு போயிடும். மறுநாள் ராத்திரி நைட் ஷிஃப்ட் பையனுக்கு அதே ஃபோன்.

டாம்கேட் மாதிரி ஜாவா சர்வர்னா ஜேஸ்டாக் இருக்கு. இல்லேன்னா கில் -3. பேரைப் பார்த்து பயப்படாதீங்க, பிராசஸ் சாகாது; த்ரெட் டம்ப் கேட்டலினா.அவுட் ஃபைல்ல வந்து விழும். பத்து செகண்ட் இடைவெளியில மூணு தடவை எடுங்க. மூணுலயும் அதே த்ரெட் அதே வரியில நின்னா ஆள் மாட்டிக்கிட்டான்.

நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் சிபியு சும்மாதான் கிடக்கும். த்ரெட்டெல்லாம் டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்குக் காத்துக்கிட்டு நிக்கும். நாம எதையும் மாத்தலைன்னா டாம்கேட்ல 200 த்ரெட். அதோட வர்ற டிபிசிபி2 பூல்ல வெறும் 8 கனெக்‌ஷன், காத்திருக்க கால வரம்பே கிடையாது. எக்செப்ஷன் வந்த இடத்துல யாரோ கனெக்‌ஷனை மூடாம விட்டிருப்பாங்க. எட்டு தடவை அது நடந்தா போதும், கதை முடிஞ்சுது. அப்ப ஒரு மேதாவி "மேக்ஸ்த்ரெட்ஸை 500 ஆக்கு"ம்பார் பாருங்க... அரிசி வராத ரேஷன் கடையில க்யூவை மட்டும் நீட்டற மாதிரி!

கஸ்டமர் காத்திருக்கும்போது ரீஸ்டார்ட் தட்டித்தான் ஆகணும், மறுக்கலை. ஒரு நிமிஷம் கழிச்சு தட்டுங்கங்கறேன். எங்க டீம்ல ரீஸ்டார்ட் ஸ்கிரிப்டுக்குள்ளயே அந்த மூணு டம்ப்பையும் சேர்த்தாச்சு.