பட்டன் இருக்கு, பிடிப்பு இல்லை

போன வாரம் மழை நேரத்துல ஒரு தம்பியைத் தூக்கிட்டு வந்தாங்க. போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் பைக் வழுக்கிடுச்சு. கால் எலும்பு முறிவு. கட்டை வைத்துக் கட்டி, 108ல் ஏற்றி திருவண்ணாமலைக்கு அனுப்பினோம்.

கூட வந்தவர் ஒருத்தர், "வேகமா வந்திருப்பான் சார்"னார். தம்பி வலியிலும் மறுத்தான். "இல்ல சார், டயர் போன மாசம்தான் மாத்தினேன். செகண்ட்ஸ்தான், ஆனா பட்டன் அப்படியே இருக்கு."

வெளியே போய்ப் பார்த்தேன். பட்டன் நிஜமாவே நல்லா இருந்தது. நகத்தால அழுத்தினா இறங்கவே இல்லை. பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். ஓரத்தில் இருந்த நாலு எண், 3113. அதாவது 2013ஆம் ஆண்டின் 31வது வாரம் செய்த டயர்.

சாலை ஈரம், வளைவு, வேகம் எல்லாத்துக்கும் பங்கு இருக்கும். டயர் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வேகத்தைத் திட்டுற நாம யாரும் டயரோட வயசைக் கேக்குறதே இல்லை.

டயர்னா மரத்துல வடியுற ரப்பர் பால் மட்டும்னு நினைக்காதீங்க. ரோட்டைத் தொடும் பகுதி பெரும்பாலும் ஒரு கலவை. இயற்கை ரப்பர் கிழியாம இருக்க. ஸ்டைரீன் பியூட்டடையீன்ங்கிற செயற்கை ரப்பர் ஈர ரோட்டுல பிடிப்புக்கு. பாலிபியூட்டடையீன்ங்கிற இன்னொண்ணு சீக்கிரம் தேயாம இருக்க. ஆனா இந்தக் கடைசி ரப்பர் கூடினா ஈரத்துல பிடிப்பு குறையும். ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணு குறையும், நம்ம மருந்து டோஸ் மாதிரிதான்.

கலந்தா மட்டும் போதாது. கந்தகம் சேர்த்து சூடாக்கணும். அப்பதான் நூல் நூலா கிடக்குற ரப்பர் மூலக்கூறுகளுக்கு நடுவுல குறுக்குப் பாலங்கள் விழும். 1839ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடிச்ச விஷயம் இது. பாலம் குறைஞ்சா பிசுபிசுப்பு. அளவா இருந்தா இழுத்தா நீண்டு, விட்டா திரும்பும். ரொம்ப அதிகமானா பழைய எபோனைட் பேனா மாதிரி கட்டையாயிடும்.

சிக்கல் என்னன்னா, ஃபேக்டரியை விட்டு வெளிய வந்த பிறகும் இந்த வேலை நிக்கிறதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து வருஷக்கணக்கில் புதுப் பாலங்களைப் போடும். செயற்கை ரப்பர் அதிகமுள்ள டயர் இப்படித்தான் விறைக்கும். கட்டுப்பாடு இல்லாத சுகர்ல ரத்தக்குழாய்ப் புரதங்களுக்கு நடுவுல குறுக்குப் பிணைப்பு விழுந்து குழாய் விறைக்குமே, கிட்டத்தட்ட அதே கதை.

ரப்பர் நெகிழ்ந்து ரோட்டோட சின்னச் சின்ன மேடுபள்ளத்துக்குள்ள இறங்கினாதான் பிடிப்பு. விறைச்ச ரப்பர் மேலாக்கப் போகும். பட்டன் தண்ணியை வெளியேத்தும், அவ்வளவுதான். விறைச்ச ரப்பரை அது மறுபடி இளக வைக்காது.

"புது டயருக்கு எங்க சார் போறது?" நியாயமான கேள்வி. சாமை வித்த காசுல வண்டி ஓட்டுற ஊர் இது. செகண்ட்ஸ் வாங்கவே வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா பாதி பட்டன் தேய்ஞ்ச 3 வயசு டயரும், முழு பட்டன் உள்ள 11 வயசு டயரும் ஒரே விலைன்னா முதலாவதை எடுங்க. நாலு எண்ணுல கடைசி ரெண்டும் வருஷம். எண்ணை சுரண்டியிருந்தா அந்த டயரே வேணாம்.

விக்கிறவங்களுக்கும் ஒண்ணு. பட்டனைக் காட்டி விலை சொல்றீங்க, வருஷத்தையும் சொல்லுங்க. பில்லுல அதை எழுதணும்னு ஒரு விதி வந்தா நான் முதல் ஆளா கைதட்டுவேன். அதுவும் மலை ரோட்டுல ஓடுற வண்டிக்கு.

நேத்து தம்பியோட அப்பா வந்திருந்தார். ஆபரேஷன் முடிஞ்சிடுச்சாம். போகும்போது கேட்டார், "அந்த டயரை எங்க ஊர்ல ஒருத்தர் 200 ரூபாய்க்குக் கேக்குறாரு சார், பட்டன் நல்லா இருக்குன்னு. குடுத்துடவா?"

குடுக்காதீங்க, குறுக்கால அறுத்துப் போடுங்கன்னேன். எரிச்சுடாதீங்கன்னும் சொன்னேன். அந்தப் புகையால மூச்சுத்திணறல்னு வந்தாலும் நான்தான் பார்க்கணும்.